விலைவாசியும் வேலை நாளும்: நமது கணக்கை நாமே பார்ப்போம்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் குழுத் தலைவிகள், இளைஞர்கள் கலந்துகொண்ட சங்கக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை. வரமுடியாத அங்கத்தவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



ஞாயிற்றுக்கிழமை என்றால் நமக்குத் துணி துவைக்க வேண்டும், விறகு பொறுக்க வேண்டும், கடைக்குப் போக வேண்டும். அந்த ஒரு நாளையும் விட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள். ஆகவே வீட்டுக்குத் திரும்பும்போது கையில் ஏதாவது பயனோடு போக வேண்டும். இன்று நாம் கோஷம் போடப் போவதில்லை, கணக்குப் பார்க்கப் போகிறோம்.

வானொலியிலும் தொலைக்காட்சியிலும் மூன்று எண்கள் அடிக்கடி வருகின்றன. பணவீக்கம் குறைந்துவிட்டது என்கிறார்கள். வேலையில்லாதவர்கள் நூற்றுக்கு நான்கைந்து பேர்தான் என்கிறார்கள். தோட்டத் தொழிலாளிக்கு நாட்சம்பளம் இவ்வளவு என்கிறார்கள். மூன்றும் பொய்யல்ல. ஆனால் மூன்றையும் கூட்டிப் பார்த்தால் நம் வீட்டு மாச் சாக்கு ஏன் இருபதாம் திகதியே காலியாகிறது என்பதற்குப் பதில் வருவதில்லை. எண்களில் எது நம்மைத் தொடுகிறது, எது தொடுவதில்லை என்று தெரிந்துகொண்டால்தான் சம்பளப் பேச்சில் நாம் ஏமாறாமல் இருக்கலாம்.

பஸ் மெதுவாகப் போனால் இறங்கிவிட்டதாக அர்த்தமா?

முதலில் பணவீக்கம். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். உணவுப் பொருட்களை மட்டும் எடுத்தால் 94.9 வீதம். அதாவது ஒரு வருடத்துக்கு முன்பு 100 ரூபாவுக்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமான் 195 ரூபா ஆனது. அடுத்த வருடம் 2023 செப்டம்பரில் பணவீக்கம் 1.3 வீதமாகக் குறைந்தது. அந்தச் செய்தியைக் கேட்டபோது கொழுந்து மடுவத்தில் நம்மில் பலர் கேட்ட கேள்வி நினைவிருக்கிறதா? “குறைந்துவிட்டது என்கிறார்களே, கடையில் ஏன் குறையவில்லை?”

கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். வேகமாக ஏறிய பஸ் ஒரு வளைவில் மெதுவாகிறது. வேகம் குறைந்தது உண்மை. அதனால் பஸ் கினிகத்தேனைக்குத் திரும்பி இறங்கிவிட்டது என்று யாராவது சொல்வோமா? பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். 100 ரூபாச் சாமான் 2022 இல் 170 ஆனது. 2023 இல் அது 172 ஆனது. ஏறும் வேகம் 70 வீதத்திலிருந்து 1 வீதத்துக்கு வந்தது. ஆனால் நாம் கடையில் கொடுப்பது 172 ரூபா. 2024 செப்டம்பர் முதல் சில மாதங்கள் பணவீக்கம் பூச்சியத்துக்கும் கீழே போனது. மின்கட்டணமும் எரிபொருளும் குறைந்தது அதற்கு முக்கிய காரணம். அப்போது பஸ் சில அடி பின்னுக்கு வந்தது. அவ்வளவுதான். பழைய இடத்துக்கு வரவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தச் சுட்டெண் கொழும்பு நகரத்துக் குடும்பங்களின் செலவை வைத்து எடுக்கப்படுவது. அங்கே உணவுக்குப் போவது செலவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. தோட்டத்துக் குடும்பத்தில் உணவுக்கே ஏறத்தாழ பாதி போய்விடுகிறது. ஆகவே மா, அரிசி, பருப்பு, தேங்காய் விலை ஏறும்போது கொழும்புக்கு ஒரு அடி விழுந்தால் நமக்கு இரண்டு அடி விழுகிறது. மண்ணெண்ணெயைப் பாருங்கள். 2022 ஓகஸ்டில் ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. கேஸ் அடுப்பு வைத்திருப்பவருக்கு அது ஒரு செய்தி. லயத்தில் இருப்பவருக்கு அது அடுப்பும் விளக்கும்.

ஏன் இப்படி ஏறியது? நாட்டில் டொலர் தீர்ந்துபோனது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவாகியது. கோதுமை, பருப்பு, எரிபொருள் எல்லாம் டொலர் கொடுத்து வாங்குவது. ரொட்டியில் உயிர் வாழும் சனம் நாம். ஆகவே டொலர் நமக்குச் சம்பந்தமில்லாத விடயம் அல்ல. அது நம் ரொட்டிக் கல்லில்தான் சுடுகிறது.

டொலர் ஏறினால் தேயிலைக்கு நல்லதுதானே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தேயிலை டொலருக்குத்தான் விற்கிறது. கொழும்பு ஏலத்தில் 2021 இல் கிலோவுக்குச் சராசரியாக அறுநூறு ரூபாவுக்குச் சற்று மேல் கிடைத்தது. 2022 இல் அது ஆயிரத்து இருநூறைத் தாண்டியது. கம்பனிகளுக்கு உரம், எரிபொருள், மின்சாரச் செலவும் கூடியது, அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் விற்பனை விலை இரண்டு மடங்கான அதே காலத்தில் நமது நாட்சம்பளம் என்ன? 2021 மார்ச்சில் வந்த 1000 ரூபா. அது 2024 செப்டம்பர் வரை மூன்றரை வருடம் அசையவே இல்லை.

ஆயிரம் ரூபா எங்கே போனது?

2021 மார்ச்சிலிருந்து 2024 செப்டம்பர் வரை நாட்டின் பொதுவான விலைமட்டம் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. நமது சம்பளம் 1000 இலிருந்து 1350 ஆனது. நூற்றுக்கு முப்பத்தைந்து கூடியது. விலை நூற்றுக்கு ஏறத்தாழ நூறு கூடியது. 1000 ரூபா போராட்டத்தில் நாம் வென்ற இடத்துக்குத் திரும்பிப் போகவே இரண்டாயிரத்துக்குக் கிட்ட வேண்டும். 1350 ஐச் சம்பள உயர்வு என்று சொல்லலாம். ஆனால் அப்போது சம்பளத்தின் பெறுமதி உயரவில்லை, விழுந்தது.

இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். கோதுமை மா ஒரு கிலோ 100 ரூபாவை அண்டி இருந்தபோது 1000 ரூபாவுக்கு 10 கிலோ மா வாங்கலாம். 2022 இல் அது 300 ரூபாவைத் தாண்டியபோது அதே சம்பளத்துக்கு 3 கிலோதான். இன்று வீட்டுக்குப் போகும்போது உங்கள் கடையில் மா என்ன விலை என்று கேளுங்கள். உங்களுக்குக் கிடைக்கும் நாட்சம்பளத்தை அந்த விலையால் வகுத்துப் பாருங்கள். வரும் விடைதான் உங்கள் உண்மையான நாட்சம்பளம். கிலோவில் பேசினால் யாரும் நம்மை ஏமாற்ற முடியாது.

வேலை இருக்கிறவர் யார், இல்லாதவர் யார்?

இனி வேலையின்மை. நாட்டில் வேலையில்லாதோர் வீதம் கடந்த சில வருடங்களாக நான்கு, ஐந்து வீதம் என்ற அளவில்தான் இருக்கிறது. 2022 இல் பெட்ரோல் வரிசையும் மருந்துத் தட்டுப்பாடுமாக நாடு நின்றுபோன வருடத்திலும் அது ஐந்தைத் தாண்டவில்லை. இது எப்படி?

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்து அதிகாரி வீட்டுக்கு வந்து கேட்கும் கேள்வி இதுதான்: கடந்த வாரத்தில் ஒரு மணித்தியாலமாவது கூலிக்கோ இலாபத்துக்கோ வேலை செய்தீர்களா? செய்திருந்தால் நீங்கள் வேலை உள்ளவர். செய்யவில்லை என்றால், கடந்த நாட்களில் வேலை தேடினீர்களா, கிடைத்தால் போகத் தயாரா என்று கேட்பார்கள். தேடியிருந்தால்தான் நீங்கள் வேலையற்றவர். தேடவில்லை என்றால் நீங்கள் தொழிற்படையிலேயே இல்லை, கணக்குக்கு வெளியே. உலகம் முழுவதும் இப்படித்தான் எண்ணுகிறார்கள். அதில் சூழ்ச்சி ஏதும் இல்லை. ஆனால் இந்தக் கணக்கில் நம் லயத்து வீடுகளைப் பொருத்திப் பாருங்கள்.

ஒரு வீட்டில் அக்கா ஒருவர். கொழுந்து இல்லாத மாதம், தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை கொடுக்கிறார்கள். மாதத்தில் 12 பேர் விழுகிறது. கணக்கின்படி அவர் வேலை உள்ளவர்.

பக்கத்து வீட்டில் உயர்தரம் முடித்த தம்பி. இரண்டு வருடம் விண்ணப்பம் போட்டார், நேர்முகத்துக்குப் போனார், பஸ் காசு முடிந்தது. இப்போது தேடுவதை விட்டுவிட்டார். கணக்கின்படி அவர் வேலையற்றவரும் அல்ல.

அடுத்த வீட்டில் ஒரு குடும்பத்துக்குத் தேயிலைக் காணித் துண்டு ஒன்றைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அவுட்குரோவர் முறை என்கிறோமே, அதுதான். பச்சைக் கொழுந்துக்குக் கிலோ கணக்கில் காசு. கணக்கின்படி அவர்கள் சுயதொழில் செய்பவர்கள். சேமலாப நிதி இல்லை, நம்பிக்கைப் பொறுப்பு நிதி இல்லை, செக்ரோலில் பேர் இல்லை. காணி அவர்கள் பேரிலும் இல்லை.

கடைசி வீட்டின் மகள் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார். அவர் இந்த நாட்டுக் கணக்கிலேயே இல்லை. ஆனால் வீட்டு அடுப்பு அவர் அனுப்பும் காசில்தான் எரிகிறது.

இந்த நான்கு வீட்டிலும் கணக்கின்படி வேலையற்றவர் ஒருவரும் இல்லை. ஆனால் நான்கு வீட்டிலும் வேலைப் பிரச்சினை இருக்கிறது. நமது பிரச்சினையின் பெயர் வேலையின்மை மட்டும் அல்ல. குறைவேலை என்பதே அதற்குச் சரியான பெயர். அதனால்தான் வேலையின்மை வீதம் ஐந்துக்குள் நிற்கும்போதே, 2019 ஆம் ஆண்டின் அரச கணக்கெடுப்பில் நாட்டின் வறுமை 14.3 வீதமாகவும், தோட்டப்புறத்து வறுமை 33.8 வீதமாகவும் இருந்தது. மூன்றில் ஒருவர். நெருக்கடிக்கு முன்னைய கணக்கு அது.

நாட்கள் குறைந்ததற்குக் காரணங்கள் உண்டு. 2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. 2021 இல் 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022 இல் ஏறத்தாழ 251 மில்லியனாக விழுந்தது. உரம் இல்லாத மலையில் கொழுந்து இல்லை, கொழுந்து இல்லாத மலையில் பேர் இல்லை. இதற்கு மேல், மீள் நடுகை செய்யாத முதிர்ந்த செடிகள், காடு ஏறிய மலைகள். 1992 இல் தோட்டங்களைப் பிராந்தியக் கம்பனிகள் பொறுப்பேற்றபோது மூன்று இலட்சத்துக்கும் அதிகமான தொழிலாளர் இருந்தோம். இன்று அதில் பாதிகூட இல்லை. துரைமார் ஆள் பற்றாக்குறை என்கிறார்கள். நம் பிள்ளைகள் வேலை இல்லை என்கிறார்கள். இரண்டும் ஒரே தோட்டத்தில் எப்படி உண்மையாகும்? வேலை இருக்கிறது, அந்த வேலையில் வாழ முடியவில்லை. அதுதான் விடை.

1700 ரூபாவைப் பற்றிப் பேசும்போது

இனி சம்பளக் கேள்விக்கு வருவோம். 2024 மே தினத்தில் கொட்டகலையில் 1700 ரூபா அறிவிக்கப்பட்டது. வர்த்தமானி வந்தது, வழக்கு வந்தது, கடைசியில் அடிப்படைச் சம்பளமாகக் கைக்கு வந்தது 1350. 2025 வரவு செலவுத் திட்ட உரையிலும் 1700 ரூபா சொல்லப்பட்டது. நாம் அதை வரவேற்றோம், அதற்காகக் குரல் கொடுத்தோம். ஆனால் தொகையை மட்டும் கேட்டால் போதாது. மூன்று கேள்வி கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: எத்தனை நாள்? 1350 ரூபாப்படி 25 நாள் வேலை கிடைத்தால் மாதம் 33,750 ரூபா. 1700 ரூபாப்படி 15 நாள்தான் கிடைத்தால் 25,500 ரூபா. நாட்சம்பளம் கூடியும் மாதச் சம்பளம் 8,250 ரூபா குறைகிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுப்பது இப்படித்தான். 1000 ரூபா வந்த காலத்திலும் இதைப் பார்த்தோம். நாட்கள் குறைந்தன. பல தோட்டங்களில் 16, 18 கிலோவாக இருந்த அளவு 20 கிலோவாகியது. எடுக்க முடியாத தாய்மாருக்கு அரைப்பேர் விழுந்தது.

இரண்டாவது கேள்வி: எத்தனை கிலோ? மலையின் நிலைமை, மழை, வெயில், செடியின் வயது இவற்றைப் பார்க்காமல் வருடம் முழுவதும் ஒரே அளவு கேட்பது நியாயம் அல்ல. அளவை யார் தீர்மானிப்பது என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி: அடிப்படையா, கொடுப்பனவா? கூட்டித் தரும் 350 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்தால் அதற்குச் சேமலாப நிதி உண்டு. நம்மிடம் 8 வீதம், கம்பனி 12 வீதம், சேர்த்து 20 வீதம். ஒரு நாளைக்கு 70 ரூபா, 25 நாளுக்கு 1,750 ரூபா ஒவ்வொரு மாதமும் உங்கள் கணக்கில் சேரும். ஊக்குவிப்புக் கொடுப்பனவாக வந்தால் அது இல்லை. சேவைக்காலப் பணத்தைப் பாருங்கள். நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒரு வருட சேவைக்கு 14 நாள் சம்பளம். 30 வருடம் உழைத்தவருக்கு 420 நாள். கடைசிச் சம்பளம் 1350 என்றால் 5,67,000 ரூபா. 1700 என்றால் 7,14,000 ரூபா. வித்தியாசம் 1,47,000 ரூபா. முப்பது வருடம் கூடை சுமந்த ஒரு தாயின் முதுமைக் காலத்து மருந்துக் காசு அது.

இங்கே நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தொழிற்சங்கங்களாகிய நாமும் பல வருடங்கள் தொகையை மட்டும்தான் கோஷமாக்கினோம். ஆயிரம் என்றோம், ஆயிரத்து எழுநூறு என்றோம். நாட்களையும் கிலோவையும் அதே பலத்தோடு கேட்கவில்லை. கம்பனிகள் 2021 இல் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகியபோது, வேலை நிலைமைகளைப் பேசும் மேசையும் நம் கையைவிட்டுப் போனது. சம்பள நிர்ணய சபை சம்பளத்தைத் தீர்மானிக்கலாம். மலையில் நடக்கும் ஒவ்வொன்றையும் அது பார்க்காது. ஆகவே இனி நமது கோரிக்கை இது: அடிப்படையில் உயர்வு, உறுதியான வேலை நாட்கள், நியாயமான அளவு, விலைவாசியோடு சேர்ந்து உயரும் சம்பளம். அரச ஊழியருக்கு வாழ்க்கைச் செலவுப் படி தனியாக இருக்கிறது. டொலர் கொண்டுவரும் தொழிலாளிக்கு மட்டும் ஏன் இல்லை?

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

பின்வரிசையில் இருக்கும் தம்பி தங்கைமாரே, தோட்டத்தைவிட்டுப் போகாதே என்று உங்களிடம் சொல்ல நாம் வரவில்லை. போகும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் தெரிந்துகொண்டு போங்கள்.

கொழும்பில் கடைக்கோ ஹோட்டலுக்கோ போகிறீர்களா? தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரல் முதல் மாதம் 27,000 ரூபா. 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா. சாப்பாடு, தங்குமிடம் தருகிறோம் என்று சொல்லி அதற்குக் கீழே தருவதை ஏற்கவேண்டியதில்லை. நியமனக் கடிதம் கேளுங்கள். சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம் கேளுங்கள். அம்மாவுக்குத் தோட்டத்தில் இருக்கும் உரிமை உங்களுக்கு நகரத்தில் இல்லாமல் போகக்கூடாது.

வெளிநாடு போகிறீர்களா? முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அந்த வேலைக்கு அனுமதி இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேளுங்கள். 1989 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். சுற்றுலா விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்பவரிடம் கடவுச்சீட்டைக் கொடுக்காதீர்கள். அம்மாவின் தோட்டை அடகு வைத்து அவருக்குக் காசு கட்டாதீர்கள்.

படிப்பை முடித்தவர்கள் ஒரு கைத்தொழிலுக்குத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுங்கள். மின்னிணைப்பு, வெல்டிங், சமையல், தாதியர் உதவி எதுவானாலும் சரி. சிங்களமும் கொஞ்சம் ஆங்கிலமும் பழகுங்கள். நம் பிள்ளைகள் திறமையில் குறைந்தவர்கள் அல்ல. நேர்முகத்தில் வாய் திறக்க முடியாமல்தான் பலர் திரும்பி வருகிறார்கள்.

அடுத்த மாதம் என்ன செய்வோம்?

முடிக்கும் முன் ஒரு வேலை தருகிறோம். ஒவ்வொரு வீட்டிலும் 40 பக்கக் கொப்பி ஒன்று வையுங்கள். அதில் நான்கு விடயம் எழுதுங்கள். இன்று வேலை கொடுத்தார்களா, இல்லையா? முழுப்பேரா, அரைப்பேரா? எத்தனை கிலோ? மாதத்தின் முதல் வாரத்தில் மா, அரிசி, பருப்பு, தேங்காய் என்ன விலை? எழுதத் தெரியாதவருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதட்டும். மாதக் கடைசியில் சம்பளச் சிட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேர் குறைந்திருந்தால் அந்த மாதமே கமிட்டித் தலைவரிடம் சொல்லுங்கள். தீபாவளி முற்பணம் கழிக்கும்போது பார்த்துக்கொள்வோம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

தலைவர்கள் அந்தக் கொப்பிகளிலிருந்து தோட்டத்து மொத்தக் கணக்கை எடுத்து மாவட்டக் காரியாலயத்துக்குக் கொண்டுவர வேண்டும். நூறு வீட்டுக் கொப்பி மேசையில் இருந்தால், “தொழிலாளர் வேலைக்கு வருவதில்லை” என்று சொல்பவரிடம் எத்தனை நாள் பெரட்டுக்கு வந்து திரும்பிப் போனோம் என்று காட்டலாம். “விலை குறைந்துவிட்டது” என்று சொல்பவரிடம் நம் கடைக் கணக்கைக் காட்டலாம்.

கங்காணி காலத்தில் நம் பாட்டன்மாருக்குக் கணக்குத் தெரியாது. துண்டு முறையில் கடனை எழுதியவர் ஒருவர், கைநாட்டு வைத்தவர் இன்னொருவர். அந்தக் கடன் தலைமுறைக்கும் தொடர்ந்தது. இன்று நம் வீட்டில் எழுதத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். இனிமேல் நம் கணக்கை நாமே எழுதுவோம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கொப்பியையும் சம்பளச் சிட்டையையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.